பிங்கியைப் பார்த்து ஓடாதீர்கள்

நின்டெண்டோ ஸ்விட்சுக்கு ‘ஆர்கேட் ஆர்கைவ்ஸ்’ வரிசையில் வந்திருக்கும் பேக்-மேனை இரண்டு வாரமாக ஆடிக்கொண்டிருக்கிறேன். 1980-இல் நாம்கோவில் தோரு இவாதானி உருவாக்கிய அதே ஆட்டம். புது மெருகு எதுவும் பூசாமல் விட்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆட்டத்தின் சூட்சுமமெல்லாம் அந்தப் பழைய கணக்குகளில்தான் இருக்கிறது.

நான்கு பேய்களும் கண்மண் தெரியாமல் துரத்துவதில்லை. சிவப்பு பிளிங்கி நாம் நிற்கும் கட்டத்தைக் குறிவைத்தே வரும். ஆரஞ்சு கிளைடு எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கிவிட்டால் துரத்தலை விட்டுவிட்டு இடது கீழ் மூலைக்குக் கிளம்பிவிடும். வான்நீல இங்கி, பிளிங்கி நிற்கும் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும். அதன் போக்கை இன்னும் என்னால் பிடிக்க முடியவில்லை.

இளஞ்சிவப்பு பிங்கிதான் எனக்குப் பெரிய பாடம். நமக்கு நான்கு கட்டம் முன்னால் இருக்கும் இடத்தை அது குறிவைக்கும். அதனால் நேரெதிரே வரும்போது ஓடக் கூடாது. அதை நோக்கியே போக வேண்டும். இரண்டு கட்ட இடைவெளியில் எதிரெதிராக நிற்கும்போது, அதன் இலக்கு அதன் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. நினைத்த நேரத்தில் வந்த வழியே திரும்பப் பேய்களுக்கு அனுமதியில்லை. நடுவில் ஒரு சந்து இருந்தால் அதில் விலகிப் போய்விடும். முதல் தடவை கட்டைவிரல் வியர்த்துவிட்டது. சந்து இல்லாத இடத்தில் முயன்று இரண்டு உயிர்களை இழந்தேன்.

இன்னொன்று: முதல் நிலையில் பேய்கள் தொடக்கத்தில் 7 விநாடி தத்தம் மூலைக்குப் போகும், பிறகு 20 விநாடி துரத்தும். எல்லாம் ஒருசேரத் திரும்பினால் முறை மாறிவிட்டது என்று பொருள்.

வளைவுகளில் சற்று முன்னதாகவே திசையை அழுத்தினால் பேக்-மேன் மூலையை அறுத்துத் திரும்பும். பேய்களால் அது முடியாது. துரத்தும் பேயிடமிருந்து இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக விலக முடிகிறது. ஆனால் நான் தனியாக வாங்கிய எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் விரல் லேசாகக் குறுக்கே சாய்ந்தாலும் திருப்பம் தவறியது. அசல் இயந்திரத்தில் இருந்தது நான்கு திசைப் பிடி. இடது ஜாய்-கானின் நான்கு தனிப் பொத்தான்களுக்கு மாறிய பிறகு பத்துத் திருப்பத்தில் ஒன்பது சரியாக விழுகிறது. இதை வாங்குபவர்கள் கூடுதலாக எதற்கும் செலவழிக்க வேண்டாம்.