மூன்றாவது கிண்ணம் வரைக்கும் எழுந்திருக்காதீங்க!

எங்கள் குடியிருப்பே திரண்டு எத்தியோப்பியா கிளம்புகிறது. விமானம் ஏற இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் நான் போய்ச் சேர்ந்தாச்சு! அந்த ஊர்க் காபிச் சடங்கை எங்கள் வீட்டுக் கூடத்திலேயே நடத்திவிட்டோம். திரைச்சீலையில் அந்த வாசனை இன்னும் இருக்கிறது, துவைக்கவே விடமாட்டேன்.

கொஞ்சம் நினைச்சுப் பாருங்களேன். அங்கே தரையில் பச்சைப் புல் பரப்புவார்கள். நாங்கள் அருகம்புல்லை இறைத்தோம். மூலையில் சாம்பிராணி. நடுவில் கரியடுப்பு, இரும்புச் சட்டி, அதில் ஏற்காட்டுப் பச்சைக் காபிக்கொட்டை. எதிர்வீட்டு அக்கா கிளறக் கிளற, பச்சை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகி, திடீரென்று படபடவென்று வெடிக்க ஆரம்பித்ததே, நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன்! புகை அடங்குமுன் சட்டியை ஒவ்வொருவர் முன்னாலும் கொண்டுவர வேண்டும், நாம் தீபாராதனையை ஒற்றிக்கொள்வது மாதிரி அந்தப் புகையைக் கையால் அள்ளி உள்ளே இழுக்க வேண்டும். கண் கொஞ்சம் எரிந்தது, எரியட்டுமே!

அப்புறம் உரலில் இடிப்பு. அங்கே ஜெபெனா என்ற நீண்ட கழுத்து மண்கலயத்தில் கொதிக்க வைப்பார்கள். நாங்கள் மண்சட்டியில் காய்ச்சிக் கெண்டியில் ஊற்றினோம். பிடியில்லாத குட்டிக் கிண்ணம், பால் கிடையாது, பக்கத்தில் சோளப்பொரி. முதல் சுற்று அபோல், அதே தூளில் மறுபடி தண்ணீர் விட்டால் தோனா, மூன்றாவது பரக்கா. ஆசி அதில்தான் என்பது அவர்கள் நம்பிக்கை, அதற்குமுன் எழுந்தால் மரியாதையில்லை. டிகிரி காபியை நின்றபடியே முடித்துவிட்டு ஓடுகிற நாங்கள் போனைத் தொடாமல் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தோம்! அராபிகா பிறந்த மண்ணில் காபி குடிப்பது இப்படித்தான், ஆற அமர.

சாப்பாட்டைச் சொல்லாமல் விடுவேனா! டெஃப் தானியம் கிடைக்கவில்லை. கேழ்வரகு மாவைப் புளிக்கவைத்து இஞ்செரா சுட்டோம். ஒரு பக்கம்தான் வேகவேண்டும், மேலே கண்கண்ணாகப் பூக்கிறது, அதைப் பெரிய தட்டில் விரித்து, கடலைமாவு ஷிரோவும் பெர்பெரே காரப்பொடி போட்ட மைசூர்ப் பருப்பும் குவித்து, சுற்றிலும் எல்லார் கையும் ஒரே தட்டில். புதன், வெள்ளியில் அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் விரதம், பால், முட்டைகூடத் தொடமாட்டார்கள், எங்கள் சைவக் கோஷ்டிக்குக் கொண்டாட்டம்! கடைசியில் குர்ஷா: ஒரு வாய் சுருட்டிப் பக்கத்திலிருப்பவருக்கு ஊட்ட வேண்டும். இத்தனை நாள் படிக்கட்டில் தலையசைப்போடு போய்க்கொண்டிருந்த மூன்றாம் மாடிப் பெரியவர் எனக்கு ஊட்டினார், நான் அவருக்கு ஊட்டினேன், கண் கலங்கிவிட்டது, இதைச் சொல்ல என்ன வெட்கம்!

அடிஸ் அபாபா அருங்காட்சியகத்தில் 32 லட்சம் வருஷத்து ஆதிமூதாதை எலும்புக்கூடான லூசியைப் பார்க்கப்போகிறோம், 13 மாதம் உள்ள நாட்காட்டி வாங்கப்போகிறேன். கைக்கடிகாரத்தை இப்போதே மாற்றியாச்சு. அவர்கள் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள், நம் 7 மணி அவர்களுக்கு 1; நம் நாழிகையும் உதயத்தில்தானே தொடங்கும்! வரும் ஞாயிறு எத்தியோப்பிய இசைக்கலைஞர் முலாட்டு அஸ்டாட்கேயின் இசையோடு மறுபடி வறுக்கிறோம். அவசியம் வாங்க, சரியாக 10 மணிக்கு. அதாவது நம் கணக்கில் சாயங்காலம் 4.