மார்க்சியம் கற்கத் தொடங்குவோர்க்கு

மரக்காணத்து உப்பளங்களில் தை பிறந்ததும் பாத்தி மிதிக்க இறங்கி, வடகிழக்குப் பருவமழை வருமுன் கடைசி உப்பையும் வாரிக் கரையேற்றும் தொழிலாளரின் வீடுகளிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் இன்று பலர். அவர்களில் ஒருவர் மார்க்சின் பெயரைக் கேள்விப்பட்டு, எந்த நூலை முதலில் படிப்பது என்று ஆவலோடு கேட்டால், பெரியவர்கள் பெரும்பாலும் ‘மூலதனம்’ முதற்பாகத்தையே எடுத்துக் கையில் கொடுக்கிறார்கள். சரக்கைப் பற்றிய அதன் முதல் அத்தியாயத்தில் பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் அந்தப் பிள்ளை சோர்ந்துவிடுவது வாசகரின் குற்றமன்று, கொடுத்தவரின் குற்றம். அந்நூல் வெளிவந்த 1867-லேயே மார்க்ஸ் இதை உணர்ந்திருந்தார். நண்பர் கூகல்மனுக்கு எழுதிய கடிதத்தில், அந்த நண்பரின் மனைவி வேலை நாள், கூட்டுழைப்பு, வேலைப் பிரிவினை, இயந்திரங்கள் ஆகியவை பற்றிய பகுதிகளையும், ஆதித் திரட்டல் பற்றிய பகுதியையும் முதலில் படிக்கட்டும் என்று அவரே யோசனை சொன்னார். ஆசிரியரே அனுமதித்த குறுக்குவழியை நாம் மறுப்பது எவ்வகையிலும் நியாயமாகாது.

என் அபிப்பிராயத்தில் முதல் நூல் ‘கூலியுழைப்பும் மூலதனமும்’ என்ற சிறு பிரசுரமே. 1847 டிசம்பரில் பிரஸ்ஸல்ஸ் நகரத்து ஜெர்மன் தொழிலாளர் சங்கத்தில் மார்க்ஸ் நிகழ்த்திய சொற்பொழிவுகள் 1849-இல் பத்திரிகையில் அச்சேறின. 1891-இல் ஏங்கெல்ஸ் அவற்றைத் திருத்தி, முன்னுரை சேர்த்துப் பதிப்பித்தார். தொழிலாளி விற்பது உழைப்பையன்று, உழைப்புச் சக்தியையே என்ற நிர்ணயத்தை அந்த முன்னுரை மிகத் தெளிவாக விளக்குகிறது. உழைப்பவர்கள் எதிரே அமர்ந்திருக்கப் பேசிய பேச்சாதலால், அதில் ஒவ்வொரு வாக்கியமும் கேட்பவரின் அனுபவத்தைத் தொட்டுக்கொண்டே நகர்கிறது.

அந்தப் பிரசுரத்தை அளத்து வரப்பில் வைத்தே படிக்கலாம். கடல்நீர் தேக்கம் தேக்கமாக மாறி, வெயிலில் சுண்டி, நீரின் செறிவை அளக்கும் போமே மானியில் 25 டிகிரியை நெருங்கும்போது உப்பு விளையத் தொடங்குகிறது. 30-ஐத் தாண்டவிட்டால் மக்னீசியக் கசப்பு ஏறிவிடுமாகையால் எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். கடலுக்கும் கதிரவனுக்கும் எவரும் கூலி கொடுப்பதில்லை. பாத்தியை மிதித்து இறுக்கியவரும், கால் புண்ணில் உவர் நீர் எரிய எரியப் பலகையால் உப்பை வாரியவரும், கூடையில் சுமந்து கரையில் கொட்டியவரும் கூலி பெற்று வீடு திரும்பிய பின்பு, அந்த உப்பு கீற்று வேய்ந்த அம்பாரமாய் நல்ல விலைக்குக் காத்திருக்கிறது. ஆகவே அவர்கள் பெற்ற கூலி விற்ற உப்பில் அவர்களுக்குரிய பங்கன்று. முதலாளியின் கையில் முன்பே இருந்த செல்வத்தில் ஒரு பகுதியைக் கொண்டு அவர்களுடைய உழைப்புச் சக்தியை வாங்கிய விலை. மார்க்ஸ் சொல்வதும் இதுவே. இதை ஒருமுறை கண்ணால் கண்டு உணர்ந்தவருக்கு உபரி மதிப்பு என்ற தத்துவம் பிறகு அந்நியமாகத் தோன்றாது.

தமிழில் இச்சித்தாந்தம் பல வழிகளில் வந்தது. 1923 மே முதல் நாள் சென்னையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர், பௌதிக விஞ்ஞானத்தையும் நாத்திகத்தையும் வாயிலாக வைத்துப் பொதுவுடைமையைப் போதித்தவர். 1931-இல் ‘கம்யூனிஸ்ட் அறிக்கை’யைத் தமிழில் வெளியிட்ட ‘குடி அரசு’ பத்திரிகையும் அந்த மரபைச் சேர்ந்ததே. 1937-இல் தோன்றிய ‘ஜனசக்தி’ இதழின் ஜீவானந்தம் அதைக் கம்பனோடும் பாரதியோடும் இணைத்து மேடைக்குக் கொண்டுவந்தார். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் அனுப்பிய மலிவு விலைப் பிரதிகள் பட்டிதொட்டியெல்லாம் பரவின. அவற்றின் வாக்கியங்கள் சில இடங்களில் தமிழ்ச் செவிக்குக் கரடுமுரடாக ஒலிப்பினும், ரா. கிருஷ்ணையா, நா. தர்மராஜன் போன்றோரின் உழைப்பு இல்லாதிருந்தால் ஒரு தலைமுறைக்கே மூலநூல்கள் எட்டியிரா. க. ரா. ஜமதக்னியும் தியாகுவும் ‘மூலதன’த்தையே தமிழாக்கிய பெருந்தொண்டு இவ்வரிசையில் தனித்து நிற்கிறது.

கற்றதை நம் சரித்திரத்தின்மேல் பிரயோகித்துப் பார்த்தவர்களையே நான் மேலான ஆசான்களாகக் கருதுகிறேன். 1969-இல் ‘ஆராய்ச்சி’ இதழைத் தொடங்கிய நெல்லை நா. வானமாமலை நாட்டார் கதைப்பாடல்களில் சமூக முரண்பாடுகளைக் கண்டார். ஈழத்துக் கைலாசபதியும் சிவத்தம்பியும் பண்டை இலக்கியத்தைப் பொருளியல் அடிப்படையில் ஆராய்ந்தார்கள். சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என ஆய்வாளர்கள் கருதுவதால், திணையைப் பற்றிச் சிவத்தம்பி எழுதியவை இக்கரையில் வாழ்வோருக்கு விசேஷ ருசி தரும். கோவை ஞானியும் எஸ். என். நாகராஜனும் கட்சி வாய்ப்பாடுகளை மீறிக் கேள்வி எழுப்பினர், எஸ். வி. ராஜதுரையின் ‘அந்நியமாதல்’ இளம் மார்க்சைத் தமிழருக்கு அறிமுகம் செய்தது. இவை யாவும் உயர்ந்தவையே எனினும், தொடக்கக்காரர் இவற்றில் புகுந்தால், தமக்குத் தெரியாத ஒரு விவாதத்தின் நடுப்பகுதியைக் கேட்கும் நிலையே நேரும்.

அறிமுக நூலின் தகுதியை அறிய எனக்கொரு பிரமாணம் உண்டு. முடிவுகளை ஜபம்போல் திருப்பிச் சொல்வதோடு நிற்கிறதா, அல்லது அம்முடிவுக்கு ஆசிரியர் எவ்வழியே வந்தார் என்று காட்டுகிறதா என்று பாருங்கள். தேர்வுக் குறிப்பைப் போல் இயக்கவியலின் விதிகளை எண்ணிட்டு அடுக்கும் கையேடுகள் இப்பிரமாணத்தில் தேறுவதில்லை. ராகுல சாங்கிருத்யாயன் எழுதிக் கண. முத்தையா மொழிபெயர்த்த ‘பொதுவுடைமைதான் என்ன?’ தேறுகிறது.

‘கூலியுழைப்பும் மூலதனமும்’ முடிந்தபின் 1848-இன் அறிக்கையையும், ஏங்கெல்சின் ‘குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்ற’த்தையும் படித்து, இடையே தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிகள்’ நாவலையும் சேர்த்துக்கொண்டு, ‘மூலதன’த்தின் ‘வேலை நாள்’ அத்தியாயத்துக்கு வரலாம். ஐப்பசி முதல் மார்கழிவரை அளத்தில் வேலையில்லை. அம்மாதங்களின் மாலைகளில் இந்நூல்களை உரக்க வாசித்து விவாதிக்கும் வகுப்பொன்றை மரக்காணத்தில் நடத்த, இம்மலரைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்கள் முன்வர வேண்டுமென விண்ணப்பிக்கிறேன்.