படச்சுருள் இல்லாத கமெரா
கியாரொஸ்தமியின் 'குளோஸ் அப்' பற்றி ஒரு ரசிகனின் குறிப்புகள்

சினிமா பற்றி எழுத எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று யாரும் கேட்டால், ரசிகன் என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை. ஆசிரியர் கலாசாலையில் நான் படித்தது உளவியலும் கற்பித்தல் முறைகளும்தான். சினிமாவை விடுதி நண்பர் ஒருவரின் கணினியில், இரவல் வாங்கிய இறுவட்டுகளில் பார்த்தேன். ஈரானிய நெறியாளர் அப்பாஸ் கியாரொஸ்தமியின் 'குளோஸ் அப்' (1990) அப்படிப் பார்த்த படங்களில் ஒன்று. அன்று பாதியிலேயே தூங்கிப்போனேன். கடந்த வருடம் அதை மீண்டும் தேடிப் பார்த்ததற்கு ஒரு காரணம் உண்டு.

எங்கள் பாடசாலையில் தரம் 11இல் படித்த மாணவன் ஒருவன் ஒருநாள் இடைவேளையில் என் மேசைக்கு வந்தான். தன் வாப்பா வலை திருத்துவதைக் கைத்தொலைபேசியில் எடுத்து, ஏழு நிமிடக் குறும்படமாக ஆக்கியிருந்தான். "சேர், பாத்துட்டு எப்படியெண்டு சொல்லுங்க" என்றான். நான் மூன்று நிமிடங்கள் பார்த்தேன். வெளிச்சம் போதாது, கை நடுங்குகிறது, கதை இல்லை என்றேன். நான் சொன்ன மூன்றுமே சரிதான். ஆனால் அவன் அதற்குப் பிறகு எதையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வரவில்லை. அந்த உறுத்தலோடு இருந்த நாட்களில்தான் 'குளோஸ் அப்' நினைவுக்கு வந்தது. அதுவும் ஒரு ரசிகனைப் பற்றிய படம்.

கதை நடந்த கதை. தெஹ்ரானில் ஹுஸைன் சப்ஸியான் என்று ஒருவர். அச்சகத் தொழிலாளி, வேலை இல்லை, மணமுறிவு ஏற்பட்டவர், கையில் காசில்லை. சினிமா மீது தீராத மோகம். ஒருநாள் பஸ்ஸில் மொஹ்சன் மக்மல்பாபின் 'சைக்கிளோட்டி' படத்தின் திரைக்கதைப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். மனைவியின் வைத்தியச் செலவுக்காக இரவு பகலாகச் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டும் ஆப்கான் அகதி ஒருவனின் கதை அது. பக்கத்தில் அமர்ந்திருந்த பெண்மணி புத்தகத்தைப் பற்றி விசாரித்தார். "இதை எழுதியவன் நான்தான்" என்று சப்ஸியான் சொல்லிவிட்டார்.

அந்த ஒரு சொல் அவரை அந்தப் பெண்மணியின் வீட்டுக்குள் கொண்டு சேர்த்தது. அடுத்த படத்தை உங்கள் வீட்டிலேயே எடுக்கப் போகிறேன், உங்கள் பிள்ளைகளையும் நடிக்க வைப்பேன் என்றார். பொறியியல் படித்தும் மனம் போல் தொழில் அமையாத பிள்ளைகள் நம்பினார்கள். மகன் ஒருவரிடம் 1,900 துமான் கைமாற்றாகவும் வாங்கினார். பிறகு சந்தேகம் வந்தது. பத்திரிகையாளர் ஒருவரும் பொலிஸாரும் வந்து அவரைப் பிடித்தார்கள். சஞ்சிகையில் அந்தச் செய்தியைப் படித்த கியாரொஸ்தமி, செய்யவிருந்த வேறு படத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, கமெராவுடன் சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் போனார்.

படத்தில் எவரும் வேறொருவராக நடிக்கவில்லை. சப்ஸியானாக சப்ஸியான் வருகிறார். ஏமாந்த குடும்பமும் பத்திரிகையாளரும் அவரவராகவே வருகிறார்கள். நடந்தவற்றில் சிலவற்றைத் திரும்ப நடித்துக் காட்டுகிறார்கள். தொடக்கத்தில் பத்திரிகையாளர் டாக்ஸியில் விலாசம் விசாரித்தபடி வருகிறார். வந்த பிறகுதான் ஒலிப்பதிவுக் கருவி கொண்டுவரவில்லை என்பது தெரிகிறது. வீடு வீடாகக் கதவைத் தட்டி இரவல் கேட்கிறார். பெரிய செய்தி என்று ஓடிவந்தவரும் கருவியில்லாதவர்தான்.

வழக்கு விசாரணைதான் படத்தின் உயிர். தலைப்பாகை அணிந்த நீதிபதியின் முன்னால் கியாரொஸ்தமி, ஒரு கமெராவை மண்டபத்துக்கும் இன்னொன்றைச் சப்ஸியானின் முகத்துக்குமாக வைக்கிறார். நெருக்கமாக எடுக்கும் கமெரா உங்களுக்கானது, மற்றவர்கள் நம்பச் சிரமப்படுவதை இதனிடம் சொல்லுங்கள் என்ற கருத்தில் அவருக்கு விளக்குகிறார். படத்தின் பெயர் இங்கிருந்துதான் வருகிறது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்கு ஒரு கமெராவைத் தனியாக ஒதுக்கிக் கொடுப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சப்ஸியான் என்ன சொல்கிறார்? அந்த வீட்டில் தன் பேச்சுக்கு மதிப்பிருந்தது என்கிறார். இயக்குநராக இருந்தபோது சொன்னதைச் செய்தார்கள், கேட்டதைத் தந்தார்கள். வெளியே வந்தால் மீண்டும் பிள்ளைக்கு ஒன்றும் வாங்கிக்கொடுக்க முடியாத சப்ஸியான். அதனால் மறுநாளும் போனார். சட்டம் பார்ப்பது செயலை. அவர் பேசுவது நிய்யத்தைப் பற்றி. திருட வந்தேன் என்று ஒப்புக்கொள்ள அவரால் முடியவில்லை. பொய் சொன்னேன் என்பதை மறுக்கவும் முடியவில்லை. கடைசியில் அந்தக் குடும்பம் மன்னிக்கிறது.

அவர் 'சைக்கிளோட்டி' பற்றிச் சொல்லும் கருத்து மிகச் சாதாரணமானது. அந்தப் படத்தில் தன்னைப் போன்றவர்களின் துன்பம் இருக்கிறது, அவ்வளவுதான். ஒளிப்பதிவு, தொகுப்பு, குறியீடு என்று ஒரு சொல்லும் அவர் வாயில் இல்லை. எங்கள் ஊர்த் தேநீர்க்கடையில் படம் பற்றிப் பேசுபவர்களும் இப்படித்தான் பேசுகிறார்கள். இத்தகைய பேச்சை ரசிக உளறல் என்று ஒதுக்கி எழுதியவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஒரு படம் எங்கே போய்த் தைக்கிறது என்பதை அந்தச் சாதாரணப் பேச்சுத்தான் சொல்கிறது. மற்றவை அதற்குப் பிறகு வருபவை.

விசாரணையின்போது அவர், தன்னைக் கியாரொஸ்தமியின் 'பயணி' (1974) படத்துச் சிறுவனோடு ஒப்பிடுகிறார். காசிம் என்ற அந்தப் பையன் தெஹ்ரானில் நடக்கும் உதைபந்தாட்டப் போட்டியைப் பார்க்க ஆசைப்படுகிறான். காசு சேர்ப்பதற்காக, படச்சுருள் இல்லாத ஒரு கமெராவை வைத்துப் பாடசாலைப் பிள்ளைகளைப் படம் பிடிப்பதுபோல் நடிக்கிறான். பிள்ளைகள் வரிசையில் நின்று, காசு கொடுத்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு சிரிக்கிறார்கள். இவ்வளவும் செய்து தெஹ்ரான் போய்ச் சேர்ந்தவன், ஆட்டம் தொடங்குமுன் களைப்பில் தூங்கிவிடுகிறான். விழிக்கும்போது மைதானம் வெறுமையாகக் கிடக்கிறது.

சப்ஸியானும் படச்சுருள் இல்லாத கமெராதான். அந்தக் குடும்பத்தின் வீட்டை நோட்டமிட்டார், கோணம் பார்த்தார், நடிகர்களைத் தெரிவு செய்தார். ஓர் அடி படம் கூட எடுக்க அவரிடம் வழி இல்லை. அந்த வெற்றுக் கமெராவுக்குள் கியாரொஸ்தமி படச்சுருளைப் போட்டார் என்று சொல்லலாம். படத்தின் பெருமை இதுதான்.

ஆனால் இத்தோடு நிறுத்திக்கொண்டால் அது விமர்சனமாகாது. பொய் சொன்னதற்காகச் சப்ஸியான் கூண்டில் நிற்கிறார். அவரைப் படம் எடுப்பவர் நீதிமன்றத்தில் தானே கேள்விகள் கேட்கிறார், நடந்ததை மீண்டும் அமைத்துக் காட்டுகிறார். எது விசாரணை, எது பின்னர் அமைத்தது என்பது பார்வையாளனுக்குத் தெளிவாகச் சொல்லப்படுவதில்லை. தான் பிடிபட்ட அவமானத்தை அந்த மனிதர் கமெராவுக்காக இன்னொரு முறை அனுபவிக்க வேண்டியிருக்கிறது. ஏழை சொன்னால் மோசடி, நெறியாளர் செய்தால் கலை என்ற வேறுபாட்டை இந்தப் படம் கேள்வி கேட்கிறது. அதே வேறுபாட்டினால் பயனும் அடைகிறது. எனக்கு இது இன்றுவரை தீராத சங்கடம்.

இந்தச் சங்கடத்துக்கு மக்மல்பாபின் 'சலாம் சினிமா' (1995) ஒரு பக்கவிளக்கம் தருகிறது. நடிகர்கள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து ஆயிரக்கணக்கானோர் வந்து குவிகிறார்கள். எல்லோரும் சப்ஸியான்கள்தான். மேசைக்குப் பின்னால் அமர்ந்த மக்மல்பாப், சில விநாடிகளுக்குள் அழு, முடியாவிட்டால் போ என்கிறார். இரு இளம்பெண்கள் அவரை எதிர்த்து நிற்கிறார்கள். அவர்களையே அந்த மேசையில் அமர்த்துகிறார். சற்று நேரத்தில் அவர்களும் அடுத்து வரும் பெண்களிடம் அதே கடுமையோடு பேசத் தொடங்குகிறார்கள். அந்த மேசையைப் பார்த்தபோது எனக்குப் பாடசாலையில் உள்ள என் மேசை ஞாபகம் வந்தது. மூன்று நிமிடத்தில் தீர்ப்புச் சொன்ன மேசை.

'குளோஸ் அப்' படத்தின் முடிவில் சிறைவாசலில் உண்மையான மக்மல்பாப் காத்திருக்கிறார். அவரைக் கண்டதும் சப்ஸியான் அழுதுவிடுகிறார். மோட்டார் சைக்கிளில் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மக்மல்பாப் அந்தக் குடும்பத்தின் வீட்டுக்குப் போகிறார். வழியில் ஒரு பூச்சாடி வாங்குகிறார்கள். கமெரா பின்தொடர்கிறது. ஆனால் ஒலி விட்டுவிட்டுக் கேட்கிறது. கருவி பழுது என்று படப்பிடிப்புக் குழுவினர் பேசிக்கொள்வதும் கேட்கிறது. பழுதோ, திட்டமோ, எனக்கு அது அதபாகவே தோன்றியது. ஒரு ரசிகனும் அவன் நேசித்த கலைஞனும் பேசிக்கொள்வதை நாங்கள் முழுமையாகக் கேட்கத் தேவையில்லை.

அதன்பின் நடந்தவையும் சொல்லப்பட வேண்டும். 2022இல் 'சைட் அண்ட் சவுண்ட்' சஞ்சிகை உலகெங்குமுள்ள விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் 'குளோஸ் அப்' 17ஆவது இடத்தைப் பெற்றது. கியாரொஸ்தமி 2016இல் காலமாகும்போது உலக சினிமாவின் பெரும் பெயர்களில் ஒருவராக இருந்தார். சப்ஸியானின் பிற்கால வாழ்வை 'குளோஸ் அப் லோங் ஷொட்' (1996) என்ற ஆவணப்படம் காட்டுகிறது. சினிமா அவருக்கு வாழ்வு எதையும் பெற்றுத் தந்துவிடவில்லை. 2006இல் அவர் இறந்துபோனார். படம் மேலே போனது, அந்த மனிதர் கீழேயே நின்றார். இதற்குக் கியாரொஸ்தமியை மட்டும் குறைகூற முடியாது. கலை ஒருவனின் குரலைக் கேட்க வைக்கலாம், அதற்குப் பிறகு அவனை வாழவைப்பது கலையின் கையில் மட்டும் இல்லை. ஆயினும் அந்தக் கணக்கைச் சேர்க்காமல் இந்தப் படத்தைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

இன்று படச்சுருள் தேவையில்லை. சப்ஸியானிடம் இல்லாதது எங்கள் பிள்ளைகளின் சட்டைப்பையில் இருக்கிறது. எடுத்ததைப் பொறுமையாகப் பார்க்க ஒருவர் கிடைப்பதுதான் அன்றும் இன்றும் அரிதாக இருக்கிறது. குறை சொல்லக்கூடாது என்று நான் வாதிடவில்லை. நடுங்கும் கையை நடுங்குகிறது என்றுதான் சொல்ல வேண்டும். முழுவதையும் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

அந்த மாணவன் இப்போது உயர்தரம் படிக்கிறான். நான் கேட்டதற்காகப் படத்தை மறுபடியும் அனுப்பினான். ஏழு நிமிடமும் பார்த்தேன். வெளிச்சம் போதாது என்பது உண்மை. ஐந்தாவது நிமிடத்தில் வாப்பா நிமிர்ந்து மகனைப் பார்த்து ஏதோ கேட்கிறார். காற்றின் இரைச்சலில் அது என்னவென்று விளங்கவில்லை. கேட்டுச் சொல்லும்படி எழுதியிருக்கிறேன்.