சாவு கண்டுகொள்ளாத கூட்டம்

இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்தில், பலாட்ஸோ அபாடெல்லிஸ் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய சுவரோவியம்: 'சாவின் வெற்றி'. உயரம் சுமார் 6 மீட்டர், அகலம் அதைவிடக் கொஞ்சம் அதிகம். மறுமலர்ச்சி தொடங்கிக்கொண்டிருந்த 1440களில் வரைந்தது என்கிறார்கள். வரைந்தவர் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

படத்தின் நடுவில் விலா எலும்பு துருத்திய குதிரை ஒன்று பாய்கிறது. அதன்மேல் எலும்புக்கூடாகச் சாவு, வில்லோடு. குதிரையின் காலடியில் போப், ஆயர்கள் எல்லாம் அம்பு தைத்துக் கிடக்கிறார்கள். வலப்பக்கம் பட்டு உடுத்திய பெண்கள், இசைக்கலைஞர், நீரூற்று. கழுத்தில் அம்பு பாய்ந்து ஒரு இளைஞன் சரிகிறான்.

இதைப் பார்த்தவுடன் வழக்கமாகச் சொல்வது ஒன்றுதான்: சாவுக்கு முன்னால் அரசனும் ஆண்டியும் ஒன்று. நிரல் எழுதுபவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது ஒரு விதி சொன்னால் அது எங்கே உடைகிறது என்று தேடுவான். இந்த விதி படத்தின் இடது பக்கத்தில் உடைகிறது.

அங்கே ஏழைகளும் நோயாளிகளும் கூட்டமாக நிற்கிறார்கள். எங்களையும் கூட்டிக்கொண்டு போ என்று சாவைப் பார்த்துக் கெஞ்சுகிறார்கள். சாவு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குதிரை அவர்களைத் தாண்டிப் போயாச்சு. வேண்டாம் என்பவனை அடிக்கிறது, வா என்பவனை விட்டுவிடுகிறது. இதில் சமம் எங்கே இருக்கிறது?

'இது பழைய மரபுதானே' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பீசா நகரக் கல்லறை வளாகத்தில் நூறு வருடம் முன்பே வரைந்த ஓவியத்திலும் இப்படி ஒரு கூட்டம் சாவைக் கூப்பிடுகிறது. ஆனால் பலெர்மோ ஓவியம் முதலில் இருந்தது பலாட்ஸோ ஸ்க்லாஃபானியின் முற்றத்தில். அப்போது அது ஒரு மருத்துவமனை. அதாவது தினமும் இதைப் பார்த்தவர்கள் நோயாளிகள். அவர்களுக்குத் தங்கள் முகம் எந்தப் பக்கம் தெரிந்திருக்கும்? பணக்காரனுக்கு இந்தப் படம் பயம். வலியில் படுத்திருப்பவனுக்கு, 'சாவுகூட நம்மைக் கண்டுகொள்ளவில்லையே' என்ற ஏக்கம். இந்த ஓவியத்தின் உண்மையான உணர்ச்சி இதுதான் என்பது என் வாசிப்பு.

அந்த இடப்பக்கக் கூட்டத்திலேயே தூரிகை பிடித்த ஒருவர் நேராக நம்மைப் பார்க்கிறார். அது ஓவியரேதான் என்று பலர் கருதுகிறார்கள். பெயர் எழுதாத மனிதர், தான் யாரோடு நிற்கிறார் என்பதை மட்டும் காட்டியிருக்கிறார்.

இரண்டாம் உலகப் போரில் அந்தக் கட்டடம் சேதமானது. 1944இல் ஓவியத்தை நான்கு துண்டுகளாகப் பெயர்த்து எடுத்தார்கள். மருத்துவமனையை விட்டு வந்த பிறகு, எல்லார் கண்ணும் முதலில் குதிரைமேல்தான் போகிறது. இணையத்தில் படம் கிடைத்தால், குதிரையை விட்டுவிட்டு இடது ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.