புத்தளக் கரையும் பயணியின் நோக்கும்

மேனாட்டுக் குளிர் நீங்கி, மார்கழி தை மாதங்களில் கற்பிட்டிக் கரையில் ஓய்வாகத் தங்கிச் செல்வோர் இன்று பலர். இக்கரையை முன்னரே எழுத்தில் வடித்தவர் மொறொக்கோ நாட்டு இப்னு பதூதா. 1344 இல் புத்தளம் வந்து, ஆரியச்சக்கரவர்த்தியின் விருந்தினராய் மூன்று நாள் தங்கிய அவர், கரையில் குவிந்து கிடந்த கறுவா மரத்தையும் அரசவையிற் கண்ட முத்துக்களையும் சுவைபடக் கூறுகின்றார். ஆயின், பாரசீகக் குடாவில் முத்துக்குளிப்போர் வணிகருக்குக் கடன்பட்டிருந்தமையையும் உரைத்த அதே நூல், ஈண்டு மூழ்கியோரின் வாழ்வைப் பற்றி வாய் திறக்கவில்லை. அரச விருந்து அவர் கண்ணை மறைத்தது போலும். விடுதி முற்றத்திலிருந்து கடலை நோக்கும் பயணிக்கும் இது பொருந்தும். மீனவர் வாடியையும் உப்பளத்தையும் காணாதவன் புத்தளத்தைக் கண்டவனாகான்.