பனிக்காலத்து முட்டை

குளிர் வந்தால் கோழி முட்டையிடாது என்பார்கள். பழி குளிர்மேல் விழுகிறது; உண்மைக் காரணம் வெளிச்சக் குறைவு. கண் வழியாக மட்டுமல்ல, மண்டையோட்டைத் தாண்டி மூளைக்குள் கசியும் ஒளியையும் கோழி உணர்கிறது. நாளுக்கு ஏறத்தாழ 14 மணி நேர வெளிச்சம் இருந்தால்தான் முட்டை ஒழுங்காக வரும். கனடாவின் கியூபெக் மாகாணத் தென்பகுதியில் டிசம்பர்ப் பகல் 9 மணி நேரம்கூட நீளாது. போதாக்குறைக்கு, குளிருக்கு முன்னே கோழி இறகு உதிர்க்கும்; தின்ற புரதமெல்லாம் புது இறகுக்கே போய்விடும்.

அந்தக் கியூபெக்குக்கென்றே ஒரு கோழி உண்டு. ஓக்கா மடத்துத் துறவி வில்ஃப்ரிட் ஷாட்லேன் பல இனங்களைக் கலந்து உருவாக்கிய ‘ஷான்டெக்லேர்’. 1921இல் அமெரிக்கக் கோழியினத் தரப்பட்டியலில் இடம்பிடித்தது. அதன் அழகே அதனிடம் இல்லாதவற்றில்தான்: கொண்டை தலையோடு ஒட்டிய சிறு மேடு, அலகின் கீழ்த் தாடி பெயருக்குத்தான். உறைபனி கடித்துப் புண்ணாக்க அங்கே இடமில்லை.

கூட்டில் விளக்கெரித்தால் முட்டை கூடும். ஆனாலும் அந்தக் குறும்பகலிலும் அது தானாக இடும் ஒன்றிரண்டுக்குத்தான் என் ஓட்டு.