விழிப்படத்தை நம்பி மறதிநோயைத் தேடலாமா?

மூணாறிலிருந்து அடிமாலிக்கு இறங்கும் வழியில் இருக்கிறது பள்ளிவாசல். 1940இல் கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய ஊர். சுற்றிலும் தேயிலை, லயங்களில் தலைமுறைகளாகத் தமிழர்கள். கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற ஒரு பாட்டி அடுப்பில் வைத்த பாலை மறக்கிறார், பேரனை மகன் பெயரால் கூப்பிடுகிறார் என்றால், “வயசானா அப்படித்தான்” என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். நோய் என்று புரியும்போது பல ஆண்டுகள் கடந்திருக்கும். இப்படிப்பட்ட ஊருக்கு, கண்ணைப் படமெடுத்தே மறதிநோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்கலாம் என்ற செய்தி பெரும் நம்பிக்கை தருகிறது. அந்த நம்பிக்கையை எடைபோட்டுப் பார்க்க வேண்டிய நேரம் இது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விழிப்படம் ஆய்வாளர் கையில் மதிப்புள்ள கருவி. ஆனால் மலைத்தோட்டத்து முதியவருக்கு அதை மட்டும் வைத்து நோய் சொல்லும் தகுதி இன்னும் அதற்கு வரவில்லை. அதே சமயம், வேறொரு காரணத்துக்காக அங்கே கண் பரிசோதனை உடனே வேண்டும்.

கண்ணில் மூளைநோயைத் தேடுவதற்கு உடற்கூற்றிலேயே காரணம் இருக்கிறது. கரு வளரும்போது மூளையிலிருந்து வெளியே நீண்டு உருவாகும் பகுதிதான் விழித்திரை. அங்கிருந்து புறப்படும் நரம்பிழைகள் நேரே மூளைக்குச் செல்கின்றன. மறதிநோயின் முக்கிய வகையான அல்சைமர் நோயால் இறந்தவர்களின் பார்வை நரம்பில் இழைகள் அழிந்திருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1986இல் காட்டினார்கள். 1991இல் ஓ.சி.டி. ஸ்கேன் வந்தது. ஒளியைக் கொண்டு விழித்திரையின் ஒவ்வோர் அடுக்கையும் மைக்ரான் கணக்கில் அளக்கும் கருவி அது. 2018இல் பிரிட்டனில் 32,000 பேரிடமும் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரிலும் நடந்த இரு ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டின: விழித்திரையின் நரம்பிழை அடுக்கு மெலிந்தவர்களிடம் அறிவுத்திறன் குறைவும், பின்னாளில் மறதிநோய் வரும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தன. மஞ்சளில் உள்ள குர்குமின், அல்சைமரின் அடையாளமான அமிலாய்டு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு ஒளிரும். அந்தக் குணத்தைப் பயன்படுத்தி, நோயாளிகளின் விழித்திரையிலும் அந்தப் புரதம் படிந்திருப்பதைக் கலிபோர்னியாவின் சீடார்ஸ்-சினாய் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

பார்வையின் வேகமும் தடயம் தருகிறது. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் 8,623 பேரை நீண்ட காலம் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 537 பேருக்குப் பின்னர் மறதிநோய் வந்தது. திரையில் நகரும் புள்ளிகளுக்கு நடுவே ஒரு முக்கோணம் உருவாவதைக் கண்டுகொள்ள இவர்கள், நோய் வராதவர்களைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நோய் உறுதியாவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இந்த வேறுபாடு தெரிந்தது.

பள்ளிவாசலை மனத்தில் வைத்துப் பார்த்தால் விழிப்பட முறையின் பெரிய பலம் வேறு இடத்தில் இருக்கிறது. மறதிநோயை அளக்க வழக்கமாகப் பயன்படும் கேள்வித்தாள்கள் தேதி கேட்கும், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லும், ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும். பள்ளிக்கூடம் போகாமல் சிறு வயதிலேயே மலையில் வேலைக்கு ஏறிய ஒரு பெண்ணுக்கு இவை நோயின் அளவுகோலாக இருக்க முடியாது. வீட்டில் தமிழ், அரசு மருத்துவமனையில் மலையாளம் என்ற நிலையில் கேள்வியே பாதி புரியாமல் போகலாம். விழித்திரைக் கேமரா படிப்பைக் கேட்பதில்லை, மொழியைக் கேட்பதில்லை. ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்தக் கேமராவும் கேரளத்துக்குப் புதிதல்ல. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைக் கண்டறிய, குடும்ப ஆரோக்கிய மையங்களிலேயே படமெடுக்கும் ‘நயனாமிர்தம்’ திட்டத்தை மாநில அரசு நடத்தியிருக்கிறது. எடுத்த படத்தையே இன்னொரு நோய்க்காகவும் படிக்கலாம் என்ற வாதத்தில் நியாயம் உண்டு.

குறைகளும் அதே அளவு கனமானவை. நரம்பிழை அடுக்கு மெலிவது மறதிநோய்க்கு மட்டும் உரிய அடையாளம் அல்ல. கண் அழுத்த நோய், அதிகக் கிட்டப்பார்வை, சர்க்கரை நோய், வெறும் முதுமை ஆகிய எல்லாமே அதை மெலியச் செய்யும். நோயாளிக்கும் நலமானவருக்கும் இடையே உள்ள வேறுபாடு சில மைக்ரான்கள்தான். நலமானவர்களுக்குள்ளேயே அதைவிடப் பெரிய வேறுபாடு இருக்கிறது. கண்புரை முற்றியிருந்தால் படமே தெளிவாக விழாது. முதியவர்களைத் தேடிப் போகும் சோதனை முதியவர்களிடமே தடுமாறுகிறது என்பது சிறிய குறை அல்ல.

அடுத்தது கணக்கு. 2022இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் தலைமையில் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 13,000 விழிப்படங்களைக் கொண்டு ஒரு செயற்கை நுண்ணறிவு முறை பயிற்றுவிக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டது. முதல் கட்டச் சோதனையில் அது அல்சைமர் உள்ள நூறு பேரில் 93 பேரைச் சரியாகப் பிடித்தது. நோய் இல்லாத நூறு பேரில் 82 பேரைச் சரியாக விலக்கியது. கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது அதை ஊருக்குள் கொண்டுவருவோம். இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருப்பதாகத் தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. அந்த விகிதப்படி ஆயிரம் முதியவர்களில் 74 பேருக்கு நோய் இருக்கும். கருவி அவர்களில் 69 பேரைக் காட்டும். நோய் இல்லாத 926 பேரில் 167 பேரையும் சேர்த்துக் காட்டும். ஆக, “உங்களுக்குச் சந்தேகம் இருக்கிறது” என்று சொல்லப்படும் 236 பேரில் மூன்றில் ஒருவருக்குக்கூட நோய் இருக்காது. மற்ற 167 குடும்பங்கள் அடிமாலிக்கும் கோட்டயத்துக்கும், போடிமெட்டு இறங்கித் தேனிக்கும் அலைய வேண்டும். ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி.

இதைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. ஹாங்காங் ஆய்வு பிடித்தது, ஏற்கெனவே மருத்துவர்கள் நோய் என்று உறுதிசெய்தவர்களின் கண்களை. இன்னும் அறிகுறி தோன்றாதவரை முன்கூட்டிச் சொல்லும் திறன் அதில் நிரூபிக்கப்படவில்லை. ராட்டர்டாம், நார்ஃபோக் ஆய்வுகள் எதிர்காலத்தைப் பேசுகின்றன. ஆனால் அவை ஒரு கூட்டத்தின் சராசரியைப் பேசுகின்றன. சராசரியில் தெரியும் வேறுபாட்டை வைத்து, எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதருக்குத் தீர்ப்பு எழுத முடியாது. பத்திரிகைச் செய்திகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகின்றன.

இயந்திரம் இல்லாத வழி என்ன சாதித்தது என்றும் பார்க்க வேண்டும். இதே கேரளத்தில், திருச்சூர் பகுதியில் மனநல மருத்துவர் கே.எஸ். ஷாஜியும் அவருடைய குழுவினரும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குச் சில மணி நேரப் பயிற்சி கொடுத்து, தங்கள் பகுதியில் மறதிநோய் இருக்கலாம் என்று தோன்றும் முதியவர்களைக் குறித்துத் தரச் சொன்னார்கள். 2002இல் அந்த முடிவுகள் வெளியாயின. அந்தப் பணியாளர்கள் குறித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு நோய் இருப்பது உறுதியானது. வெளியே தெரிந்த பாதிப்பைத்தான் அவர்கள் கண்டார்கள், ஆரம்ப நிலையில் இருந்தவர்கள் தவறியிருக்கலாம் என்பதும் உண்மை. எனவே இரண்டு எண்களையும் நேருக்கு நேர் நிறுத்துவது முழுச் சரியாகாது. ஆனாலும் வீடு வீடாகத் தெரிந்த ஒரு பெண், “முன்பு தனியாகக் கடைக்குப் போய்வந்தவர் இப்போது வழி தவறுகிறாரா?” என்று மருமகளிடம் கேட்பதில் கிடைக்கும் செய்தி எந்தப் படத்திலும் இல்லை. மறதிநோய் என்பது அன்றாட வாழ்க்கை குலைவது. அதை அருகில் இருப்பவர்தான் முதலில் அறிவார்.

அப்படியானால் கண் மருத்துவத்துக்கு இதில் இடமே இல்லையா? உண்டு, மிகப் பெரிய இடம் உண்டு. சரிசெய்யப்படாத பார்வைக் குறைவை மறதிநோய்க்கான ஆபத்துக் காரணிகளில் ஒன்றாக லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் சேர்த்தது. கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவாக இருந்ததை, மூவாயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு காட்டியது. அறுவைதான் நோயைத் தடுத்தது என்று இதைக் கொண்டு அறுதியிட முடியாது. ஆனால் அந்த அறுவையால் முதியவர் இழப்பது மிகக் குறைவு. படி தெரியும், முகம் தெரியும், விழுவது குறையும். மலைக்கு அந்தப் பக்கம் தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. கண் முகாம் என்றால் என்ன என்று லயத்து மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கண் மருத்துவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அல்சைமரின் ஒரு வகை மூளையின் பின்பகுதியில் தொடங்குகிறது. 1988இல் நரம்பியல் மருத்துவர் ஃபிராங்க் பென்சன் அதை விவரித்தார். அந்த வகை நோயாளிகளுக்குக் கண் நன்றாகவே இருக்கும், ஆனால் எதிரே உள்ள தம்ளரைக் கை தேடும், எழுத்து வரி தப்பும். கண்ணாடியை எத்தனை முறை மாற்றினாலும் குறை தீராத முதியவரிடம், “வீட்டில் வேறென்ன மாற்றம்?” என்று கேட்கும் பழக்கம் கண் முகாமுக்கு வர வேண்டும்.

ஆகவே வரிசையை மாற்றுவோம் என்பதே என் வாதம். முதலில் புரையை அகற்றுவோம், கண்ணாடி கொடுப்போம், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்போம். பிறகு ஆஷா பணியாளரும், பஞ்சாயத்து வழியாக வீடு தேடி வரும் பாலியேட்டிவ் செவிலியரும் குடும்பத்தாரிடம் தமிழிலேயே கேட்கட்டும். அங்கே சந்தேகம் எழுந்தவருக்கு மருத்துவர் சோதனையும், தேவைப்பட்டால் இரத்தப் பரிசோதனையும் நடக்கட்டும். விழிப்படத்தைச் சேகரித்து, நம் மக்களின் கண்களுக்கு எது இயல்பான அளவு என்று கண்டறியும் ஆய்வு தனியாக, உரிய ஒப்புதலோடு தொடரட்டும். அந்த ஆய்வு முடியும்வரை எந்த முதியவரிடமும் கேமராவை மட்டும் நம்பி “உங்களுக்கு மறதிநோய்” என்று சொல்லக் கூடாது. நோயைக் குணமாக்கும் மருந்து இல்லாத நிலையில், முன்கூட்டிச் சொல்வதன் பயன் முன்கூட்டிக் கவனிப்பதில் இருக்கிறது. கவனிக்க ஆளும் ஏற்பாடும் இல்லாத இடத்தில் அந்தச் செய்தி குடும்பத்துக்குப் பயத்தை மட்டுமே கொடுக்கும். கவனிக்கும் ஏற்பாட்டை முதலில் கட்டுகிற பஞ்சாயத்துக்கே கேமரா பயன்படும்.